போன்காரிக்கு ஒரு பிணையாள்

மார்ச் 4

அன்புள்ள துப்பு,

இந்தப் பெயரில் உன்னை இன்னும் யாராவது கூப்பிடுகிறார்களா? குற்றவியல் வகுப்பின் முதல் நாள், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்ட ஆசிரியரிடம் "துப்புத் துலக்கத்தான் சார்" என்றாய். அன்று மாலையே விடுதி அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாய். துப்பு, துப்புக் கெட்டவள் என்று ஒரே நாளில் இரண்டு பட்டமும் வாங்கியவள் நீ ஒருத்திதான். எதற்கெடுத்தாலும் கோட்பாடு பேசிய எனக்குத் தியரி என்ற ஒன்றுதான் கிடைத்தது.

போனில் பிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. வேலைக்குப் போனால் சிறை வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டுக்கு வந்த பிறகு அக்காவுக்குப் பேச்சே பிடிக்காது என்று உன் தங்கை சொன்னாள். கடிதம் போட்டால் மேசைக்குப் போகும், கட்டாயம் படிப்பாள் என்றும் சொன்னாள். அதனால் இது.

நான் இன்னும் அதே கல்லூரிதான். முதலாண்டு மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பதற்குப் பெரியவர்கள் இதுவரை சொன்ன காரணங்களையெல்லாம் வரிசையாக வைத்துவிட்டேன். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி: இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? உன் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தருகிறாயா?

போன வாரம் வகுப்பில் ஒருத்தி எழுந்து, "மேடம், நீங்க கிரிமினலை நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். "ஆய்வுக்காக நிறையப் பேரைப் பேட்டி எடுத்திருக்கேன்" என்றேன். "இல்ல மேடம், சும்மா பாத்திருக்கீங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் 'சும்மா' என்னை விடவில்லை. நான் கடைசியாக யாரைச் சும்மா பார்த்தேன் என்று யோசித்தேன்.

இன்னொன்று. குடும்பம், வேலை, நாலு பேர் என்று உலகத்தோடு ஒருவரைக் கட்டிவைத்திருப்பது எதுவோ, அது அறுந்தால் குற்றம் பிறக்கிறது என்று ஒரு கோட்பாடு உண்டல்லவா. அதை நான் 'பற்று' என்று தமிழாக்குவேன், நீ 'பிணைப்பு' என்பாய். விடுதியில் ஒரு இரவு முழுக்கச் சண்டை போட்டோம். இப்போது அச்சில் எதைப் போடுவது என்று தெரியவில்லை.

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அவள் அறையில் புத்தகங்களை அடுக்கலாம் என்று நினைத்தேன். இன்னும் அடுக்கவில்லை. காலையில் கதவைத் திறந்து காற்றுப் போகவிடுகிறேன், மாலையில் மூடுகிறேன்.

தியரி

மார்ச் 17

அன்புள்ள தியரி,

உறையின் மேலேயே 'துப்பு' என்று எழுதிவிட்டாயே. கொண்டுவந்து கொடுத்த காவலர் அம்மா, "யாரு மேடம் துப்பு?" என்று கேட்டார். இத்தனை வருடம் காப்பாற்றிய மரியாதை ஒரு உறையோடு போயிற்று.

அம்மா போனது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. கேட்கிற தூரத்தில் நானும் இல்லை.

பிணைப்பு என்றே போடு. சொல்லழகுக்காகச் சொல்லவில்லை. இங்கே பிணை என்றால் ஒரு ஆள். வந்து, உட்கார்ந்து, கையெழுத்துப் போடுகிற ஆள். பற்று யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும். எங்கள் வாசல் வரை வந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்கும் பற்று இருக்கிறது.

நீ கேட்ட பக்கம்: நலவாழ்வு அலுவலர் என்பது என் அறைப் பலகையில் உள்ள பெயர். வேலையில் பாதி, போனை வைத்துவிட்டவர்களுக்கு மறுபடி போன் செய்வது. "உங்க அக்கா அடுத்த மாசம் வெளிய வராங்க" என்பேன். "எங்களுக்கு அக்கா கிடையாது" என்பார்கள். "நீங்க அவங்க தம்பிதானே?" "தம்பிதான். ஆனா அக்கா கிடையாது." இதை அப்படியே போடு. துப்பறியும் ஆசையில் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அடுத்த நாளே வணிகவியலுக்கு மாறிவிடுவார்கள். நம் வகுப்பில் படித்தவர்களைப் பற்றியும் எழுது. ஒருத்தி எந்தத் தெருவில் எத்தனை திருட்டு என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் பெரிய கடையொன்றில் கேமரா பார்க்கிறான். நம் எல்லாரையும்விட அவனுக்குத்தான் சம்பளம் அதிகம்.

இப்போது என் உதவி.

இங்கே ஒருத்தி இருக்கிறாள். எல்லாரும் போன்காரி என்பார்கள். ஐம்பதைத் தொடுகிற வயது. தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவுக்குத் துணையாக ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். ஒரு நாள் அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். நெஞ்சுவலி. அதில் இவளுக்குப் பங்கில்லை என்று மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள். விடிந்தால் ஞாயிறு. போன் அடித்தது. விஷயத்தைச் சொல்லத்தான் எடுத்தாளாம். "அம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டானாம். "சாப்பிட்டேன்பா" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை. தோட்டத்தில் அவளே குழி வெட்டினாள். அடுத்த ஞாயிறும் போன் வந்தது. வருடம் திரும்பப் போகிற வரைக்கும் அவனுக்கு அம்மாவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் அனுப்பிய வீட்டுச் செலவில் சாப்பிட்டாள், ஆகவே மோசடியும் சேர்ந்துகொண்டது. அவன் நேரில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. கோர்ட்டில் அவன் இவளைத் திட்டவே இல்லையாம். "எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தானாம். அவன் வக்கீலே கையைப் பிடித்து உட்காரவைத்தாராம்.

மே மாதக் கடைசியில் முன்விடுதலைக் குழு கூடுகிறது. நன்னடத்தையில் அவள் பெயரும் இருக்கிறது. ஆனால் வெளியே அவளை ஏற்றுக்கொள்ள, தங்க இடம் கொடுக்க, ஒரு பிணையாள் வேண்டும். இல்லையென்றால் மிச்சத் தண்டனை முழுவதும் உள்ளேதான். எனக்குத் தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் செய்துவிட்டேன்.

உன் வீட்டில் ஒரு அறை காலி என்று எழுதியிருந்தாய்.

துப்பு

ஏப்ரல் 1

அன்புள்ள துப்பு,

உன் போன்காரி என்னை ஒரு வாரமாகப் பாடாய்ப் படுத்துகிறாள்.

ஆதாயம் எவ்வளவு, அடி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தே மனிதன் குற்றத்தில் இறங்குகிறான் என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். இவளுக்கு ஆதாயம் என்ன? வாரத்துக்கு ஒரு கேள்வி. குற்றம் என்பது கூடா நட்பிலிருந்து கற்றுக்கொள்வது என்று நான்காம் அத்தியாயம். இவளுக்குக் கூடுகிற நட்பே இல்லை. சரி, நான் நம்பி நடத்துகிற பிணைப்புக் கோட்பாடாவது இவளுக்குப் பொருந்துமா என்றால், அதாவது, பிணைப்பு அறுந்ததால் இவள் இதைச் செய்யவில்லை. ஒரு பிணைப்பை அறுக்க மனம் வராமல் செய்திருக்கிறாள். அதுவும் அடுத்தவருடைய பிணைப்பு. இதற்கு எந்த அத்தியாயத்திலும் இடமில்லை.

பெயர் இல்லாமல் இவளைப் புத்தகத்தில் சேர்க்க அனுமதி கிடைக்குமா? சில விவரங்கள் தெரிய வேண்டும். அந்தக் குரலை எப்படிப் பழகினாள்? ஞாயிறு அல்லாத நாட்களில் வீட்டில் எந்தக் குரலில் பேசினாள், யாரோடு பேசினாள்? அந்த அம்மாவின் புடவைகளை உடுத்தினாளா? பேட்டிக்கு ஒத்துக்கொள்வாளா என்று கேட்டுச் சொல்.

கையெழுத்து விஷயம் யோசிக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் புதிதாக யார் தங்க வந்தாலும் சங்கத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அம்மா அறை ஜன்னலில் தாழ்ப்பாளும் சரியில்லை. நீயே ஏன் ஏற்றுக்கொள்ளக் கூடாது?

தியரி

ஏப்ரல் 9

தியரி,

சிறை ஊழியர் பிணையாளாக இருக்கக் கூடாது. இது நம் மூன்றாம் பருவப் பாடத்தில் இருந்தது. நீதான் அதில் முதல் மதிப்பெண்.

நான் ஆள் கேட்டேன். நீ அத்தியாயம் கேட்கிறாய்.

தாழ்ப்பாள் சரியில்லையாம். தப்பித்துப் போவது அவளா, நீயா? பயமாக இருந்தால் பயம் என்று எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. சங்கம், ஜன்னல் என்று எழுதாதே. அந்த மாதிரிப் பதில்களைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. "எங்க வீட்ல பெயிண்ட் அடிக்கிறோம் மேடம்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டுச் சுவர் இந்நேரம் அரையடி தடித்திருக்கும்.

துப்பு

ஏப்ரல் 24

அன்புள்ள துப்பு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு, கோபம் வந்ததே பெரிய விஷயம் என்று தோன்றியது.

பயம்தான். அவளைப் பார்த்து அல்ல. துணைக்கு ஆள் வைத்துக்கொள்கிற வீடாக என் வீடு ஆகிவிடும் என்ற பயம். யாராவது கேட்டால் இப்போது "தனியா இருக்கேன், வசதியா இருக்கு" என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கு நாற்பத்தாறு வயதுதான். அம்மா அறையில் ஒருத்தி வந்து படுத்துவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து அறையில் இருமல் கேட்டால் நானும் தனியாகத்தான் இருந்தேன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

இன்னொன்றும் தோன்றியது. அந்த அம்மாவுக்காவது ஞாயிறுதோறும் ஏமாற்றவேண்டிய ஒருவன் இருந்தான். என் வீட்டில் நான் போய்விட்டால் ஏமாற்றுவதற்குக்கூட ஆள் இல்லை. கல்லூரி நாலாம் நாள் ஒரு சுற்றறிக்கை அனுப்பும்.

சங்கத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். செயலாளர் கீழ்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கணக்கர். படித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா வராங்க? சொந்தமா?" என்றார்.

"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

"எவ்வளவு தூரம்?"

"இன்னும் நேர்ல பாத்ததில்ல சார்."

"அப்ப ரொம்பத் தூரம்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

பிணைப் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மே முதல் சனிக்கிழமை அவளைப் பார்க்க வருகிறேன். பேசுவதற்கு எவ்வளவு நேரம் தருவார்கள்?

தியரி

மே 8

அன்புள்ள தியரி,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் வரவில்லை என்கிறாள்.

சனிக்கிழமை நீ பஸ் ஏறிய பிறகு பெண்கள் பகுதியில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். போன்காரி நடுவில் உட்கார்ந்திருந்தாள். "அதாவது, அந்த நேரத்துல உங்க மனநிலை எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்றாள். நீ இன்னும் போகவில்லையோ என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அப்படியே நீ. 'அதாவது'க்குப் பிறகு மூச்சை இழுப்பாயே, அதுகூட.

மாலையில் என் அறைக்கு வந்து நின்றாள்.

"மேடம், உங்க ஃப்ரெண்டு நல்லவங்க. ஆனா நான் போகலை."

"ஏம்மா? நிறையக் கேள்வி கேட்டுட்டாங்களா?"

"கேள்வி கேட்டா என்ன மேடம், கோர்ட்ல கேட்காததா? அவங்க குரல் எனக்கு வந்துருச்சு. ஒரு மணி நேரத்துல வந்துருச்சு. அவ்வளவு லேசா வரக் கூடாது."

"வந்தா என்ன?"

"அந்த அம்மா குரலும் இப்படித்தான் லேசா வந்துச்சு. நாலு பேரோட கத்திப் பேசுறவங்க குரல் சட்டுனு வராது மேடம், மேடு பள்ளமா இருக்கும். இவங்களது வழவழன்னு இருக்கு. யாரும் கையே வைக்காத குரல். அந்த வீட்டுக்குப் போனா கொஞ்ச நாள்ல யாரு அவங்க, யாரு நான்னு எனக்கே தெரியாமப் போயிரும். ஒரு தடவை ஆனது போதும்."

"இங்க இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கணும்மா."

"இருக்கேன். இங்க சத்தமாவது இருக்கு."

இதைத்தான் சொன்னாள். வேறு மாதிரி எழுதி உன்னைச் சமாதானம் செய்யலாம் என்று பார்த்தேன். உனக்கு நான் அப்படிச் செய்யக் கூடாது. இருபத்து மூன்று வருட வேலையில், வெளியே ஒரு வீடு கதவைத் திறந்து வைத்திருக்க, வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். யாரைத் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

குழு கூடுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உன் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதென்றால் அதற்குள் எழுது.

துப்பு

மே 14

துப்பு,

அவளிடம் சொல். வழவழவென்று இருக்கிறதாம். யார் கேட்டது அவளை?

நான் அவளோடு பேசியது வகுப்புக் குரலில். ஒரு மணி நேரம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு காவலரையும் நிறுத்திவிட்டு, வேறு எந்தக் குரலில் பேசுவார்கள்? அதை வைத்து என்னை எடை போட அவள் என்ன நீதிபதியா?

நானும் அம்மாவும் போட்ட சண்டை கீழ்வீட்டுக் கணக்கர் வரைக்கும் கேட்கும். டிவி சத்தத்துக்குச் சண்டை. மாத்திரையை முழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்ததற்குச் சண்டை. ஈரத் துண்டைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் போடுவாள். "எத்தனை தடவைம்மா சொல்றது, உனக்குக் கொடி கண்ணுல படாதா?" என்று நான் ஆரம்பித்தால், "நீ பேசாம ஜெயிலுக்கே வேலைக்குப் போயிருக்கலாம்டி, இந்தக் கத்தலுக்கு அங்க சம்பளமாவது குடுப்பான்" என்பாள். கதவை அறைந்து சாத்துவேன். பத்து நிமிடம் கழித்து அவள் கதவைத் தட்டி, "காபி ஆறுது" என்பாள். ஆறினால் ஆறட்டும் என்று உள்ளிருந்தே கத்துவேன். அப்புறம் போய்க் குடிப்பேன்.

அவள் போன பிறகு கத்துவதற்கு ஆள் இல்லை. ஒரு வருடம் கத்தாமல் இருந்தால் எந்தக் குரலும் வழவழத்துத்தான் போகும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்கு ஒரு வருடம் ஆகியும் தெரியவில்லை. அந்த ஆத்திரம்தான், வேறொன்றுமில்லை.

இதையும் சொல். நான் ஒன்றும் அவள் பார்த்துக்கொண்ட வயதான அம்மா இல்லை. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டால் அவளிடமும் கத்துவேன். என்னைப் போலப் பேசிக்காட்டினால் இரண்டு மடங்கு கத்துவேன். வீட்டைப் பார்க்காமலே வேண்டாம் என்பது என்ன வழக்கம்? ஜன்னலுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். தச்சர் வந்தபோது அவரிடமும் கத்தினேன், பாவம்.

புத்தகத்தில் அவளைச் சேர்க்கவில்லை. கையெழுத்தைத் திரும்பப் பெற மாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும்.

தியரி

மே 30

அன்புள்ள தியரி,

நேற்றுக் குழு கூடியது. தலைவர் அவளிடம் நேராகவே கேட்டார். "வெளிய உன்னை ஏத்துக்க ஆள் தயாரா இருக்காங்கம்மா. நீ என்ன சொல்ற?"

"அவங்க தயாரு சார். நான்தான் இன்னும் ஆகலை" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெயரை ஒத்திவைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டம் ஆண்டின் கடைசியில். உன் கையெழுத்து அதுவரை செல்லும்.

ஆகவே, இல்லை. இந்த முறை இல்லை. புதுத் தாழ்ப்பாள் போட்ட அறையில் இந்த மழைக்காலத்துக்கு யாரும் வரப்போவதில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குழு கூடுவதற்கு முந்தின நாள் உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். செய்யக் கூடாதுதான். அவளிடம் சொல், அவளிடம் சொல் என்று நீதான் எழுதியிருந்தாய், அதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். "யார் கேட்டது அவளை" என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். ஈரத் துண்டு வந்ததும் சிரித்தாள். காபி ஆறுகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. முடித்ததும், "இன்னொரு தடவை படிங்க மேடம்" என்றாள். படித்தேன். "உனக்குக் கொடி கண்ணுல படாதா" என்பதை உன் குரலில் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி சொன்னாள். யாரோ மேடையில் வசனம் பேசுவதுபோல இருந்தது.

"கோவம் எப்படி வரும்னு தெரியல மேடம். அதை நான் கேட்டதே இல்லையே" என்றாள்.

அந்தக் காகிதத்தைத் தருவீர்களா என்று கேட்டாள். எனக்கு வந்த கடிதம், தர முடியாது என்றேன்.

"அப்ப எனக்குன்னு ஒண்ணு எழுதச் சொல்றீங்களா? திட்டியே எழுதட்டும்."

"எழுதுவாங்களான்னு தெரியாதும்மா. கோவமா இருக்காங்க."

"அதான் மேடம். அது ஆறுறதுக்குள்ள எழுதச் சொல்லுங்க."

அவளுடைய முழுப் பெயரையும் இங்குள்ள எண்ணையும் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். உறையின் மேல் அந்தப் பெயரையே எழுது. எங்களில் பலருக்கு அது மறந்துபோய்விட்டது. கேள்வி எதுவும் வேண்டாம்.

கைதிகளுக்கு வரும் கடிதங்களை வியாழக்கிழமை மதியம் கூடத்தில் வைத்துக் கொடுப்பார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிடப் போய் வாங்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் போனதில்லை. வரிசை எங்கே ஆரம்பிக்கும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று இன்று காலையே என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

துப்பு